ஜட்ஜம்மா உப்புப் பார்த்த கதை

என் அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசன்ஸ் வாங்கினார்கள். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் எதையாவது இடிக்கப் போனால் அதை ஓங்கி மிதிப்பாள். மிதித்து மிதித்து அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. டிவியில் யாராவது வண்டியை வேகமாக ஓட்டினால்கூட அவளுடைய வலது கால் தரையில் இறங்கும். கீழ்வீட்டுக்காரர் பலமுறை மேலே வந்து சண்டை போட்டிருக்கிறார்.

இப்படி எதையும் நிறுத்தத் தெரிந்தவளுக்குப் பெற்ற மகளின் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

மகளுக்கு ஏழு வயது. ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது நான்தான், தாய்மாமன். அக்கா வீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி என்றும் சொல்லலாம், எனக்குக் கோபம் வராது. தட்டை முன்னால் வைத்ததும் ஜட்ஜம்மா கையைக் கட்டிக்கொண்டு விசாரணையைத் தொடங்கிவிடுவாள். வெள்ளையாக இருப்பது மட்டுமே உள்ளே போகும்: பால், ரொட்டியின் நடுப்பகுதி, தோலுரித்து வேகவைத்த உருளைக்கிழங்கு. அதிலும் ரொட்டி போய் உருளைக்கிழங்கைத் தொட்டுவிட்டால் இரண்டுமே தள்ளுபடி. தள்ளுபடியானதெல்லாம் எங்கே போனது என்பது என் வயிற்றைப் பார்த்தால் தெரியும்.

அத்தான் இரவு வாட்ச்மேன். பகலில் தூங்குவார். தலைமாட்டில் இடி விழுந்தாலும் புரண்டு படுப்பாரே தவிர எழுந்திருக்க மாட்டார்.

பள்ளிக்கூடக் கேன்டீனை ஜட்ஜம்மா திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் அக்கா தினமும் மத்தியானம் எல் போர்டு காரோடு பள்ளி வாசலுக்குப் போய், மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஊட்டுவாள். கார் கற்க வந்தவர் முன்சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசடு வழிந்துகொண்டிருப்பார். நேரமெல்லாம் இதிலேயே போய், ரிவர்ஸ் கற்காமலே ஒருவர் லைசன்ஸ் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

ஒரு நாள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "லாரி வாங்கியிருக்கேம்மா. மத்தியான கிளாஸ். உனக்கு வேணுமா, இல்ல மீசைக்காரருக்குக் குடுத்துடவா? மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

லாரி என்றால் அக்காவுக்கு உயிர். ஹெவி லைசன்ஸை எடுத்துப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் லாரியில் ஏறிவிட்டால் பள்ளி வாசலுக்கு யார் போவது? மகள் கேன்டீனில் சாப்பிட்டால் லாரி அக்காவுக்கு. இல்லையென்றால் மீசைக்காரருக்கு. நான் போய் ஊட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முன்பு ஒருமுறை அப்படிப் போய் முழு டப்பாவையும் நானே காலி செய்தது அக்காவுக்கு நினைவிருந்தது.

கெஞ்சினாள். மிரட்டினாள். கேரட்டை மசித்து உருளைக்கிழங்குக்குள் ஒளித்து வைத்தாள். ஜட்ஜம்மா ஸ்பூனால் தோண்டிக் குற்றவாளியை வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் வந்தது. "இது வளைஞ்சிருக்கு," என்று தட்டைத் தள்ளினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு தெரிஞ்சா நீயே சமைச்சுக்கோ!" என்று கத்திவிட்டேன்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து நின்று, "ஸ்டூல் எங்க மாமா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது ஒரே விதம்தான். "மொதல்ல உயரம் சரியா இருக்கான்னு பாரு. ரெண்டு பக்கமும் பாரு. இப்ப மெதுவா அடுப்பப் பத்தவை. பின்னாடி யார் வர்றாங்கன்னு பாத்துட்டுத் திரும்பு!" பின்னால் வந்தது நான்தான், ஒரு பிஸ்கட் எடுக்க. எண்ணெய் காய்ந்ததும் ஜட்ஜம்மா வெங்காயத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் கொட்டப் போனாள். அக்கா "பிரேக்! பிரேக்!" என்று அலறிக்கொண்டே வலது காலை ஓங்கி மிதித்தாள்.

காலடியில் தக்காளிப் பை இருந்தது.

பை கிழியவில்லை. உள்ளே ஒரு தக்காளிகூட முழுசாக மிஞ்சவில்லை. அக்கா பேயறைந்தவள் போல நின்றாள். ஜட்ஜம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நிஜமாகவே விழாமல் இருக்க என் காதைப் பிடித்துக்கொண்டாள். சிரித்ததில் விக்கல் வந்து, அது நின்றதும், "இத நான் போடறேன்," என்றாள். சிவப்பைக் கண்டாலே அறையைவிட்டு ஓடுகிறவள், பையின் மூலையை வெட்டி மொத்தத்தையும் வாணலிக்குள் பிழிந்தாள்.

கொதி வந்தது. என் வாய் சும்மா இருக்காதே. "உப்பு யாரு பாக்கறது?" என்று கேட்டேன். வழக்கமாக அது என் உத்தியோகம்.

"சமைக்கிறவங்கதான் பாக்கணும்," என்றாள் ஜட்ஜம்மா. சொன்ன பிறகுதான் தானே மாட்டிக்கொண்டது அவளுக்குப் புரிந்தது.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜட்ஜம்மா கரண்டியை ஊதினாள், திரும்ப ஊதினாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கு நுனியில் தொட்டாள்.

"கம்மி," என்று தீர்ப்புச் சொன்னாள்.

உப்புப் போட்டுத் திரும்பவும் பார்த்தாள். ரொட்டியோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. வளைந்த பீன்ஸோடும் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்துப் பார்த்தே வாணலி பாதி காலியானது.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றாள் அக்கா.

"இல்லையே. உப்புதான் பாத்தேன்."

அக்கா என்னை முறைத்த முறைப்பில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஜட்ஜம்மா வீட்டில் சாப்பிடவே இல்லை. காய் நறுக்கினாள், கிளறினாள், மூன்று வேளையும் மூக்கு முட்ட உப்பு மட்டும் பார்த்தாள். அக்கா துணிந்து லாரிக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். "கேன்டீன்ல இவளா சமைக்கப் போறா?" என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அவள் மிதித்தாள். இந்தத் தடவை கீழே இருந்தது என் கால்.

லாரி வகுப்பின் முதல் மாணவன் நான். வேறு யாரும் சேரவில்லை. கடைத்தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. "ஸ்கூல்லேர்ந்து பேசறோம். உங்க பொண்ணு கேன்டீன்ல... உடனே வாங்க." அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அக்காவின் முகம் வெளுத்தது. "பட்டினியில மயங்கி விழுந்துட்டாடா. எல்லாம் என் லாரி ஆசையால வந்தது. திருப்பு!"

"திருப்ப இன்னும் சொல்லித்தரலையே!"

"இப்ப சொல்லித்தரேன், திருப்புடா!"

எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரியைப் பள்ளி வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினோம்.

ஜட்ஜம்மா ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் நின்றிருந்தாள். கையில் கரண்டி. எதிரே பிள்ளைகள் ஆளுக்கொரு ஸ்பூனோடு வரிசையில் நின்றார்கள்.

"மணி அடிச்சாச்சு, ஒரு பிள்ளை கிளாசுக்கு வரல," என்று டீச்சர் பொரிந்தார். "எல்லாரும் உப்புப் பாக்கணுமாம். உங்க பொண்ணு ஆரம்பிச்சு வெச்ச வேலை!"

"திட்டாதீங்க டீச்சர். நான் வேலைக்குச் சேந்து இன்னிக்குத்தான் பாத்திரம் காலியாகுது," என்றார் சமையல்கார அம்மா.

அக்கா மகளைத் தூக்கப் போனாள். மகள் கரண்டியை நீட்டித் தடுத்தாள். "ஏம்மா வந்த?"

"நீ சாப்பிடலையோன்னு..."

"சாப்பிட்டேனே. ரெண்டு தட்டு." உப்புப் பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை. "நீ போம்மா. வெளிய எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க."

லாரியில் ஏறிய பிறகும் அக்கா கிளம்பச் சொல்லவில்லை. பின்னால் தெருவே கத்திக்கொண்டிருந்தது. "போன்னு சொல்லிட்டாடா," என்று கண்ணைத் துடைத்தாள். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அழுகை நிற்கவில்லை.

"இனிமே மத்தியானம் ஆனா நான் என்னடா பண்ணுவேன்?"

"லாரி ஓட்டச் சொல்லிக்குடு," என்றேன்.

தான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். "ஆமால்ல," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பராக்குப் பாக்காம கிளட்ச்ச மிதிடா!" என்று கத்தினாள்.