சங்கம் மீட்ட வேலை

நல்லேப்பிள்ளி ஊர்க்காரரான கந்தப்பன் மனோதத்துவம் படித்து, தேவிகுளம் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மனோதத்துவராகச் சேர்ந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த எஸ்டேட் தொழிலாளி பேச்சியம்மாள் அவரிடம்தான் மனம்விட்டு அழுவாள்.

"எஸ்டேட்டைக் குறை சொன்னாளா?" என்று ஒருநாள் மானேஜர் அவரிடம் கேட்டார்.

"அவ என்கிட்டச் சொன்னதை நான் வெளியே சொல்லக் கூடாதுங்க," என்றார் கந்தப்பன். அன்றே வேலை போயிற்று.

அவர் முறையிட்டதன் பேரில் சென்னை மனோதத்துவர் சங்கத்தார் இருவர் மலையேறி வந்தார்கள். நம்பிச் சொன்னதை வெளியே விடாதது குற்றமில்லை என்று அவருக்காக வாதாடினார்கள். மானேஜர் இறங்கிவந்து அவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்.

கந்தப்பன் வேலைக்குத் திரும்பியபோது, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேச்சியம்மாளின் வீடு பூட்டிக் கிடந்தது.

"உங்களை நிறுத்தின அன்னைக்கே அவ பேரையும் வேலைப் பதிவிலேருந்து வெட்டிட்டாங்கய்யா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் கதி என்னவென்று அப்போதே விசாரித்து, சங்கத்தாரிடம் அவளுக்காகவும் பேசச் சொல்லியிருக்கலாம். தன் வேலைக் கவலையில் அது அவருக்குத் தோன்றவே இல்லை. மலையடிவாரத்துப் போடி ஊர் வரைக்கும் போய்த் தேடினார். அவளைப் பார்த்தவர் யாருமில்லை.