கிணற்றுக் கப்பி கட்டிய பாய்மரம்

கல்யாணமாகி நாலாவது வருஷம் எனக்குப் படகு ஆசை வந்தது. சாயல்குடிக்கு வடக்கே மழையையும், மாடு பூட்டி இறைக்கிற கமலைக் கிணற்றையும் நம்பி விதைக்கிற குடும்பம் எங்களுடையது. கடற்கரைச் சிநேகிதர் ஒருவர் வீட்டுக் கூரைக்குப் பனங்கைகள் கொடுத்தேன். பதிலுக்குத் தம் சின்ன வள்ளத்தைக் கொடுத்துவிட்டார். மாட்டுவண்டியில் ஏற்றினால் பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அதில் பாய் ஏற்ற ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர் வேண்டும். பின்னால் உட்கார்ந்தபடி இரண்டையும் நானே செய்யத் திட்டம் போட்டேன். பாய்மர உச்சியில் ஒரு கப்பி. பாயைத் தாங்கும் கழியில் கட்டிய கயிறு அதன் வழியாக இறங்கி என் கைக்கு வரும். வீட்டுக் கிணற்றுக் கப்பியைத்தான் கழற்றினேன். என் மனைவி ஒரு வாரம் வெறுங்கையால் தண்ணீர் இறைத்தாள். கேட்டவர்களிடமெல்லாம், கப்பி கடல் பார்க்கப் போயிருக்கிறது என்று சொன்னாள்.

வெள்ளோட்டத்துக்கு அவளும் வந்தாள். மாடுகள் அலையைக் கண்டு மிரண்டன. அவற்றைப் பனையில் கட்டிவிட்டு நாங்களே வள்ளத்தைத் தள்ளி இறக்கினோம். கயிற்றை இழுத்தேன், பாய் மளமளவென்று ஏறியது. பரவாயில்லை என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

இறக்கப் பார்த்தபோதுதான் வினை. தென்னைநார்க் கயிறு நனைந்து ஊதி, கப்பிக்குள் இறுகிவிட்டது. காற்று எங்களைக் கரையோரமாகவே கிழக்கே கொண்டுபோனது. நான் அண்ணாந்து கப்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாயின் கீழ்முனையைப் பிடித்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பாய் படபடவென்று அடித்தது, வேகம் குறைந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம்.

அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், எங்கே போகக் கிளம்பினோம் என்று விசாரித்தார்.

"அதக் கப்பிகிட்டத்தான் கேக்கணும்ண்ணே," என்றாள் அவள்.

வண்டி நின்ற இடத்துக்கு ஒரு மைல் நடந்தோம். பாதி வழியில் கேட்டாள்:

"கமலையில தண்ணிய மேல ஏத்த ஒரு கயிறு, கொட்ட ஒரு கயிறுன்னு ரெண்டு வச்சுத்தான எறைக்கிறீக. இதுல மட்டும் ஏன் ஒண்ணோட நிறுத்திட்டீக?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து கமலை ஓட்டுகிறவன் நான்.

அடுத்த முறை, கழியைக் கீழே இழுக்க மெல்லிய கயிறு ஒன்றும் கட்டினேன். இழுத்ததும் பாய் மொத்தமாகச் சரிந்து என்னை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்தபடியே, இறங்கிவிட்டது பார் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. அதன்பின் கயிறுகள் இரண்டும் அவள் கைக்குப் போயின; நான் சுக்கானோடு சரி.