அத்தை யார் பக்கம்?

என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, எங்கள் வீட்டில் இருந்துகொண்டு சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல், தத்துவம், பொது விவகாரங்கள் மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. படிப்பை முடிக்கிறவர்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதைத் தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். ஒருநாள் அப்பா சாப்பிடும்போது நான் அதை உரக்க வாசித்தேன்: “தனக்கு எதிரானவரின் நியாயத்தை, அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும்.”

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. “அடுத்தவன் பேச்சப் பேசறதுக்கு மூணு வருசம் படிக்கோணுமா? அவனுக்கு வாயில்லையா?” என்றார். அத்தை சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

அந்த வருடம் அப்பா எங்கள் கோழிப்பண்ணைக்கு இரண்டாவது கொட்டகை, ஊர்ப் பேச்சில் செட்டு, போட நினைத்தார். இடம் கிழக்குத் தெருவை ஒட்டி இருந்ததால் விஷயம் கிராம சபைக்கு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு மட்டும் ஊராட்சித் தலைவர் பக்கத்தில் நாற்காலி. எனக்கு அதில் ஏகப் பெருமை.

“ஆட்சேபணை இருக்குதுங்களா?” என்று ஊராட்சிச் செயலர் கேட்டார். கிழக்குத் தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள். எங்கள் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். “ஈ வந்து...” என்று ஆரம்பித்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணுமில்லீங்க” என்று உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அத்தை எழுந்தாள். “அக்கா, நீங்க சொல்ல வந்தத நாஞ் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க.”

இருக்கிற செட்டாலேயே அந்தத் தெருவில் சோற்றைத் திறந்துவைக்க முடியவில்லை என்றாள். தொட்டில் குழந்தையின் வாயில் ஈ மொய்க்கிறது, பண்ணை வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் யாரும் வாய் திறப்பதில்லை என்றாள். அந்தப் பெண் ஒரு தடவைகூட அவளை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். “என்ற அண்ணன் பக்கமும் நாயம் இருக்குதுங்க.” தீவன லாரி வந்து திரும்ப வேறு வழி இல்லை, கிணறும் கரண்டும் அங்கேதான், செட்டு வந்தால் அதே தெருவில் நாலு பேருக்கு வேலை. அப்பாவே இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தினமும் சீப்பைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாக்குகிற என் அத்தையா இது? துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் அது தெரிந்தது.

“அப்ப நீ யாரு பக்கம் கண்ணு?” என்றார் தலைவர்.

“ஊருக்கு வெளிய பாறையோரமும் எங்க நெலந்தானுங்க. தண்ணியும் கரண்டும் இழுத்துக்கலாம், பாதை மட்டும் இல்ல. பஞ்சாயத்துல பாதை போட்டுக் குடுத்தா, அண்ணன் ஒருக்கா யோசிக்கட்டுங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாதை வந்தா அங்கியே போட்டுக்கறனுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மூன்று நாள் அத்தையிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் காலையில் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, “ஏறு” என்றார் அவளிடம். படிப்பை நிறுத்தி அவளை எங்கோ கொண்டுபோய் விடப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். ஓடிப்போய் அத்தையின் செருப்பில் ஒன்றை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். அத்தை வீடெல்லாம் தேடினாள். அப்பா வண்டியை விட்டு இறங்கி வந்து என் முன்னால் குனிந்தார்.

“எங்க வெச்சே சாமி? குடு. உங்கத்தைக்குக் காலேசுக்கு நேரமாவுது.”

அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தேன். கல்லூரிக்கு அவர் அவளைக் கொண்டுபோய் விட்டது அதுதான் முதல் தடவை. செருப்பை ஒளித்ததற்கு என்னை அதட்டக்கூட இல்லையே, கோபம் அவ்வளவு பெரிதாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.