ஓமா இல்லாத கட்டி

பத்து வயதிலேயே எனக்குக் கிரேக்கமும் லத்தீனும் தெரியும். தமிழில் பிழையில்லாமல் நான்கு வரி எழுத வராது. அது வேறு விஷயம்.

காரணம் சின்னம்மா. மதுரையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்த அம்மாவின் தங்கை, லீவுக்கு இராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நோய்ப் பெயர்களெல்லாம் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவையாம். அந்தத் துண்டுகளை அவள் ஒரு நோட்டில் எழுதி உருப்போட, நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. அவளுக்கு மனப்பாடம் ஆனதோ இல்லையோ, எனக்கு ஆகிவிட்டது. கார்டியா என்றால் இருதயம். நெஃப்ரோ சிறுநீரகம். இடிஸ் என்று முடிந்தால் வீக்கம், ஓமா என்று முடிந்தால் கட்டி, எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுத்தல்.

பிறகு என் அட்டகாசத்தைக் கேட்க வேண்டுமா? கெளுத்தி மீன் முள் குத்தி வீங்கிய அம்மாவின் விரலுக்கு 'விரல்இடிஸ்' என்று பெயர் வைத்தேன். கிரேக்க வாலுக்குத் தமிழ்த் தலை வைக்கிறாயே என்று சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வருஷம் அம்மாவுக்கு மாதக்கணக்கில் இரத்தப்போக்கு. ஆள் வெளுத்துப்போய்விட்டாள். எனக்குச் சொன்னது வயிற்றுவலி என்று மட்டும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, எனக்குப் பின் ஓர் ஆண் பிள்ளை. அதற்காகத் தனுஷ்கோடிக் கடலில் முழுகி, இராமேசுவரத்தில் தீர்த்தம் தீர்த்தமாக நனைந்து வந்தவள். வயிற்றில் கட்டி இருக்கிறது, மதுரையில் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா கடிதம் கொடுத்தபோது, "புள்ள தங்குற எடத்துல கத்தி வைக்க விடமாட்டேன்" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கட்டியை மட்டும்தான் எடுப்பார்கள் என்று அய்யாவும் சின்னம்மாவும் மூன்று நாள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா கடிதத்தைச் சின்னம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னொருவாட்டி படிச்சுச் சொல்லுடி."

"கட்டிய எடுக்கணும்னுதான்க்கா போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். நீளமான ஒரு சொல். அதன் முன்பாதி நாங்கள் இன்னும் போய்ச் சேராத பக்கத்தைச் சேர்ந்தது. பின்பாதி எனக்கு நன்றாகத் தெரிந்த எக்டமி. ஓமாவைக் காணவே காணோம்.

"தப்பாச் சொல்ற சின்னம்மா. கட்டின்னா ஓமா வரணும்ல? இதுல வேற என்னத்தையோல்ல வெட்டி எடுக்கச் சொல்லியிருக்கு!"

சின்னம்மா என் தொடையைக் கிள்ளினாள். அய்யா சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினார். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. அம்மா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"நீ உசுரோட இருக்கணும்க்கா" என்றாள்.

பிறகு அம்மா கடிதத்தை மடித்து அய்யாவிடம் கொடுத்தாள்.

"கட்டிதான்த்தா அது. ஒனக்கு என்ன தெரியும்? வண்டிக்கு நேரமாச்சு, வாங்க."

ஹிஸ்டெரா என்ற அந்த முன்பாதிக்குக் கருப்பை என்று பொருள் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அம்மாவைச் சாகவிடக் கூடாதென்று இரண்டு பேர் சேர்ந்து சொன்ன பொய்யை நான் மேதாவித்தனம் காட்டி உடைத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சொன்னது சரி, அதற்குக் கிள்ளு வாங்கினேன், அம்மாவும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டாள் என்பதுதான்.

ரயிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுப் பெண்ணை யாராவது மடியில் வைப்பார்களா? எதிர்ப் பலகையில் இருந்தவர்கள் வேறு பார்த்தார்கள். பரமக்குடி வரைக்கும் அவள் கை என்னை விடவில்லை. புழுங்குகிறது என்று சொல்லி, அந்தக் கையைப் பிரித்துவிட்டு நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.