முட்டை அட்டையில் வந்த வால்வு

என் ஸ்டுடியோவின் விலை உயர்ந்த மைக்கில் வால்வு, பழைய ரேடியோக்களில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழல், போய்விட்டது. மறுநாள் பாடகி வருகிறார். எங்கெங்கோ அலைந்து, ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் விற்கும் ஒருவரிடம் போய் நின்றேன். விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் அவர், தொண்டை கரகரத்தது. கப்பல் ரேடியோக்களில் கழற்றிய வால்வுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

“இத்த எடுத்துக்கோ நைனா. ஆனா நானும் வருவேன்.”

“எதுக்குண்ணே?”

“பேசிப் பாக்காம நான் எதையும் குடுத்ததில்ல.”

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வால்வை மாட்டிப் பதிவை ஓடவிட்டேன். பாடகிக்கென்று வைத்திருந்த மைக்கின் முன் நின்று கையை உயர்த்தினார்.

“வா வா வா! வஞ்சிரம்! துள்ளிக்கினு கீது வஞ்சிரம்! யாரு கேக்குறது?”

ஹெட்போனில் அவர் மூச்சு வாங்கியதுகூட அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. சிரித்த சிரிப்பில் பதிவை நிறுத்தவே மறந்துவிட்டேன்.

“உசுரு கீது,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் பாடி முடித்த பாடகி, திரையில் தன் பாட்டுக்கு முன்னால் இருந்த இன்னொரு பதிவைப் பார்த்து, “இதுல வேற யாரு பாடியிருக்காங்க?” என்று கேட்டார். அந்த ஏலத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

பிறகு மெதுவாக, “அந்த வஞ்சிரம் இன்னும் இருக்குமா?” என்றார்.