திவே காட் இறக்கம்

வேனை வாங்குவதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. எங்கள் சின்னக் காரில் ஆறு வயது மகளும் மூன்று வயது மகனும் பின்னால் உட்கார்ந்தால், நடுவில் ஒரு தண்ணீர்ப் பை வைக்கக்கூட இடமிருக்காது. பாளையங்கோட்டையிலிருந்து என் அப்பா அம்மா வந்துவிட்டால் அவர்களுக்குத் தனி ஆட்டோ. இங்கே வானவடியில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி தன் ஏழு சீட் வேனை விற்கப்போகிறார் என்றதும் நானும் கணவரும் போய்ப் பார்த்தோம். அவர் சாவியையே நீட்டிவிட்டார். "பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே போய்விட்டு வாருங்கள். வண்டி ஒத்துவருமா என்று அப்போதுதான் தெரியும்" என்றார் இந்தியில்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். எங்கள் வீட்டில் ஓட்டுவது நான்தான். கணவர் நடு வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். ஹடப்சரைத் தாண்டி, திவே காட் மலைப்பாதையில் வேன் முக்கல் முனகல் இல்லாமல் ஏறியது. புரந்தர் கோட்டை அடிவாரத்தில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். திரும்பும்போது சாஸ்வடில் ஒரு கூடை சீதாப்பழம் வாங்கினோம். வண்டி எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

இறக்கத்தில் முதல் இரண்டு வளைவுகள் சாதாரணமாகத்தான் போயின. கீழே மஸ்தானி ஏரி பளபளத்தது. மகள் அதைத் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது கால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. ஏதோ கருகும் வாடை வந்தது. முன்னால் போன லாரியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறை மிதித்தேன். பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தியும் ஆங்கிலமும்தான் சரளம்; வீட்டில் பேசும் தமிழும் புரியும். அவர்களுக்குப் புரியாமல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நானும் கணவரும் புத்தகத் தமிழுக்குப் போய்விடுவோம். அப்போதும் வாயில் அதுதான் வந்தது.

"ஏங்க, தடை வேலை செய்யவில்லை."

"என்ன தடை?"

"வண்டியின் தடை."

கண்ணாடியில் அவர் முகம் வெளுப்பதைப் பார்த்தேன். மகன் வேகம் போதாதென்று கையைத் தட்டிக்கொண்டு, "அம்மா, இன்னும் தேஜ்! இன்னும் தேஜ்!" என்று கத்தினான்.

மூன்றாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் அலறியது. வேகம் கொஞ்சம் அடங்கியது. இரண்டாவது விழ மறுத்துக் கரகரத்தது. பெடலை மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முன்னால் வெங்காய மூட்டை லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே பஸ் ஏறி வந்தது. ஒதுங்க இடமில்லை. ஹாரனில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை. பிள்ளைகளைப் பெற்றதிலிருந்து எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். ஆனால் அவர்களை நானே என் கையால் கொண்டுபோய் எதன் மீதோ மோதப்போகிறேன் என்ற பயம் அதுவரை வந்ததில்லை.

கணவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே வந்து குனிந்தார். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தார்.

"ஒரேயடியா இழுத்துராதீங்க, வண்டி சுத்திரும். மெல்ல, மெல்ல."

"நீ ரோட்டப் பாரு. நான் பாத்துக்கிடுதேன்."

பின்சக்கரங்கள் முனகின. இரண்டாவது கியர் எப்படியோ விழுந்தது. அந்த இடத்தில் மலை எங்கள் பக்கம் இருந்தது. சாலையை அகலப்படுத்தத் தோண்டிய மண்ணை ஓரமாகக் குவித்திருந்தார்கள். லாரியின் பின்பக்கம் முன்கண்ணாடி முழுக்க நிறைந்தபோது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன். வேன் மண்ணில் ஏறி, பக்கவாட்டில் கல்லை உரசி, குலுங்கி நின்றது. சீதாப்பழங்கள் உள்ளே எல்லாப் பக்கமும் உருண்டன.

"ஃபிர் சே!" என்றான் மகன். மறுபடியும் வேண்டுமாம்.

கணவர் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். எனக்குக் கதவைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. பின்னால் வந்த டெம்போக்காரர் நிறுத்தி, "காய் ஜாலா, தாயி?" என்று மராத்தியில் கேட்டார். என்ன ஆயிற்று என்று எந்த மொழியில் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

டெம்போக்காரர் போன் செய்து வரவழைத்த மெக்கானிக்கிடம் வேனை அங்கேயே ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. மகள் என் மடியில் சாய்ந்திருந்தாள்.

"அம்மா, தடைன்னா பிரேக்தானே?"

"ஆமாம்மா."

"எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு. தம்பிகிட்ட சொல்லல. நாம கீழ விழுந்துருவோம்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அதைக் கேட்டதும்தான் அவள் அழ ஆரம்பித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, ஏங்கி ஏங்கி. நான் தடுக்கவில்லை.

பிரேக் ஆயில் பல வருஷமாக மாற்றாதது, இறக்கத்தின் சூட்டில் கொதித்துவிட்டது என்று மெக்கானிக் போனில் சொன்னார். அன்று மாலை அந்த ராணுவ அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஊருக்குள் மட்டும்தான் ஓட்டினோம். ஒருநாளும் கோளாறு தெரியவில்லை" என்றார். "குழந்தைகள்?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். மகன் அவருக்கு ஒரு சீதாப்பழம் கொடுத்தான். அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். வேனை வாங்கும் பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று.

திங்கட்கிழமை மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போக எங்கள் சின்னக் காரின் சாவியை எடுத்தவள், திருப்பி மாட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அந்த வாரம் முழுக்க ஆட்டோதான். பிறகு ஒரு காலை, பிள்ளைகள் இல்லாமல் தனியாகக் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்குக்குப் போனேன். காரை எடுத்து ஒவ்வொரு தூணுக்கும் ஒருமுறை பிரேக் போட்டுப் போட்டு அங்கேயே சுற்றினேன். எத்தனை சுற்று என்று தெரியாது. கடைசியில் வாட்ச்மேன் டார்ச்சோடு வந்துவிட்டார்.

"மேடம், குச் கோ கயா க்யா?" ஏதாவது தொலைந்துவிட்டதா என்று தரையில் வெளிச்சமடித்துத் தேடத் தொடங்கினார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, காரைக் கட்டட கேட்டைத் தாண்டிச் சாலைக்கு எடுத்தேன்.