எச்சில் குழாயும் நிரந்தர நியமனமும்

பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் மாமனார்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. என் மாமனார் அந்த வகை. ஊரில் கல்யாணம் முடிந்து நான் சிட்னிக்குத் திரும்பியபோது மனைவி கூட வரவில்லை. தற்காலிக உத்தியோகத்தை நம்பி மகளைக் கடல் கடந்து அனுப்ப முடியாது, நியமனம் நிரந்தரமாகட்டும் என்றார் அவர். ஓய்வுபெற்ற தபாலதிபர். மனிதர்களை அவர் இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார்: பென்சன் உள்ளவர்கள், பென்சன் இல்லாதவர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. குடியேறுபவர்களின் விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தின் மேற்கு சிட்னிக் கிளையில் நான் தற்காலிக எழுத்தன். சிலி, உருகுவே, ஆர்ஜென்டினா ஆகிய நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கவுன்டரில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் தவிர எதுவும் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தைப் போதிய அளவு சத்தமாகச் சொன்னால் அது ஸ்பானிஷ் ஆகிவிடும் என்ற நம்பிக்கை அவர்களிடம் உறுதியாக இருந்தது. முறைப்பாடுகள் மேலே போயின. கடைசியில் ஸ்பானிஷ் தெரிந்த கவுன்டர் அலுவலர் ஒருவருக்கு நிரந்தரப் பதவி ஒன்றை உருவாக்கிச் சுற்றறிக்கை வந்தது. வாய்மொழித் தேர்வில் தேறினால் பதவி. யாரும் தேறாவிட்டால் பதவியே ரத்து.

சுற்றறிக்கையைக் கடைசிப் பந்திவரை வாசித்தவன் அந்தக் கிளையில் நான் ஒருவன்தான். தேர்வு நாளில் மொழி தெரிந்தால் போதும், விண்ணப்பிக்கும் நாளில் தெரியவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. விண்ணப்பித்துவிட்டுத்தான் மொழியைக் கற்கத் தொடங்கினேன்.

முதலில் மாலை வகுப்பு. கற்பித்தவர் சில கோடைகாலங்களை ஸ்பெயினின் கடற்கரையில் கழித்த ஓர் ஆஸ்திரேலியர். பொரித்த மீன் கேட்பது எப்படி, கடல் தெரியும் அறை கேட்பது எப்படி என்று சொல்லித் தந்தார். எங்கள் கவுன்டருக்கு வந்தவர்களில் ஒருவராவது கடல் தெரியும் அறை கேட்டதில்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்த சொத்து வேறு: மேசை, காலில் போடும் சப்பாத்து, சமைக்கும் குசினி. போர்த்துக்கீசர் எங்கள் ஊரில் விட்டுப்போன இந்தச் சொற்கள் ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. மேசையும் சப்பாத்தும் குசினியும் வைத்துக்கொண்டு யாருடைய குடும்பத்தையும் நாட்டுக்குள் வரவழைக்க முடியாது.

ஒரு குடும்பத்தோடு தங்கினால்தான் மொழி வரும் என்று ஆசிரியரே கைகழுவிவிட்டார். ஃபேர்ஃபீல்ட் என்ற புறநகரில் ஓர் உருகுவே தம்பதியின் வீட்டில் அறை கிடைத்தது. கணவர் தொழிற்சாலையில் வெல்டர். மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பனிக்குச் சட்டை தைப்பவர். பிள்ளைகள் இல்லை. என்னை அன்பாகத்தான் வரவேற்றார்கள். அந்த அன்பின் காரணம் முதல் இரவுச் சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. கணவருக்கு ஃபோர்மன் ஆகவேண்டும். அதற்கு ஆங்கிலம் வேண்டும். அறையை வாடகைக்கு விட்டதே ஆங்கிலம் தெரிந்த ஒருவனைப் பிடிப்பதற்காக. நான் உடைந்த ஸ்பானிஷில் கேட்பேன்; அவர் அதைவிட உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொல்வார். ஒருவர் மொழியை மற்றவர் கறக்கப் பார்த்து, இருவரும் வெறும் வாளியோடு எழுந்து போனோம். அவர் மனைவியோ என்னோடு கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார். நல்லது, சாப்பிடு, குளிர். வெள்ளிக்கிழமை நான் மாமிசம் சாப்பிடமாட்டேன் என்று சைகையோடு விளக்கியபோது, புரிந்தது என்று தலையாட்டிவிட்டுக் கோழி வைத்தார். அந்த நாட்டார் கணக்கில் மாமிசம் என்றால் மாடு. கோழி ஒரு வகைக் காய்கறி.

மொழி அந்த வீட்டில் இல்லாமல் இல்லை. ஞாயிறு பின்னேரங்களில் கொல்லைப்புறத்தில் இருந்தது. அவர்கள் ஊர்க்காரர்கள் சிலர் வருவார்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து மாத்தே குடிப்பார்கள். மாத்தே என்பது சிறிய சுரைக்குடுவையில் நிறைய இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுவது. அதில் ஓர் உலோகக் குழாய் செருகியிருக்கும். வீட்டுக்கார அம்மா வெந்நீர் ஊற்றி ஒருவரிடம் கொடுப்பார். அவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுப்பார். மறுபடி நிரப்பி அடுத்தவரிடம். வட்டம் முழுவதற்கும் ஒரே குடுவை, ஒரே குழாய்.

நான் செம்பைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் வீட்டில் வளர்ந்தவன். ஒரு கூட்டமே வாய்வைத்த குழாயில் வாய்வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வயிறு சரியில்லை என்றேன். உடனே எனக்கு மட்டும் பால் விட்ட தேநீர் ஒரு கோப்பையில் வந்தது. கதிரையும் வட்டத்துக்கு வெளியே நகர்ந்தது. நோயாளிக்குக் காற்று வேண்டுமாம்.

பிறகுதான் கவனித்தேன். அங்கே குடுவை போகும் வழியில்தான் பேச்சும் போனது. கையில் குடுவை உள்ளவரிடம் கேள்வி கேட்பார்கள், கேலி செய்வார்கள், அவர் உறிஞ்சி முடிக்கும்வரை பதிலுக்குக் காத்திருப்பார்கள். குடுவை வராதவனிடம் யாரும் பேசுவதில்லை. டோக்கன் எடுக்காமல் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவனின் நிலை. அப்படிப்பட்டவர்களை நான் அலுவலகத்தில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் இருந்தாலும் கூப்பிடமாட்டோம்.

தேர்வுத் திகதி குறித்துக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் சிட்னியில் ரயில்வே எஞ்சினியராக இருந்தான். அவனிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவன் ஆறுதல் சொல்லும் சாதி அல்ல.

“மச்சான், உனக்கு எச்சில் பெரிசோ, பெஞ்சாதி பெரிசோ?” என்றான். “வடிவா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை. உன்ர மாமனும் அவசரப்படேல்லை.”

அடுத்த ஞாயிறு எனக்கும் மாத்தே வேண்டும் என்று கேட்டு, கதிரையை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டேன். கைதட்டினார்கள். வீட்டுக்கார அம்மா நிரப்பிய முதல் குடுவையை அவரே உறிஞ்சினார். அது அவர்கள் முறை. இரண்டாவதை என்னிடம் நீட்டினார். எச்சிலுக்கும் எனக்கும் இடையில் ஒரு நியாயமான சமரசத்தை நான் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து சலவை செய்த கைக்குட்டையை எடுத்து, குழாயின் நுனியை நன்றாகத் துடைத்தேன்.

கணவர் எழுந்து வேலிப்பக்கம் போய்விட்டார். வீட்டுக்கார அம்மா என் கையிலிருந்து குடுவையைப் பிடுங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கைக்குழந்தையிடம் பேசும் பேச்சு அல்ல அது. நிறுத்தம் இல்லை, சைகை இல்லை. தேர்வுக்காரர்கள் எதிர்பார்க்கும் முழு வேகம். அதிசயம் என்னவென்றால், எல்லாமே எனக்கு விளங்கியது. ஒருவர் நம்மைத் திட்டும்போது காது எவ்வளவு கூர்மையாகிறது என்பதை எந்த மொழி ஆசிரியரும் பாடத்தில் சேர்ப்பதில்லை. அவர் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதினால் இப்படி இருக்கும்:

“இவ்வளவு நாளும் என்ர கையால சமைச்சதைச் சாப்பிட்டனீர். அப்ப என்ர கை சுத்தம், வாய் மட்டும் ஊத்தையோ?”

“எங்கட வீட்டில தாயும் மகனும்கூட ஒரே கோப்பையில குடிக்கிறேல்லை,” என்றேன். ஸ்பானிஷில்தான். எப்படி வந்தது என்று தெரியாது.

“பெண்சாதியோட?”

“பெண்சாதி இன்னும் வரேல்லை.”

ஏன் வரவில்லை என்று கேட்டார். மாமனார், பென்சன், தற்காலிக உத்தியோகம், தேர்வு, பதவி ரத்தாகும் விதி என்று எல்லாவற்றையும் இருந்த இருப்பிலேயே சொன்னேன். வினைச்சொற்களில் பாதி பிழை. யாரும் திருத்தவில்லை, எல்லாரும் என் மாமனார்மீது கோபப்படுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

“அந்தக் கிழவன் மகளை வைச்சு என்ன, ஊறுகாய் போடப்போறானோ?” என்றார் வீட்டுக்கார அம்மா. பிறகு குடுவையை மறுபடி நிரப்பி, தானே ஓர் இழுப்பு இழுத்து, வேண்டுமென்றே என் கண்ணைப் பார்த்தபடி நீட்டினார். “இந்தாரும். பெண்சாதி வரவேணுமெண்டால் குடியும்.”

குடித்தேன். மாட்டுக்குப் போடும் வைக்கோலை வேப்பிலையோடு அவித்த ருசி. அது எச்சில்தான் என்ற என் கருத்தில் இன்றுவரை மாற்றமில்லை.

அதன்பின் என் தேர்வு அந்த வட்டத்தின் சொந்த விவகாரமாகிவிட்டது. கணவர் ஆங்கிலத்தை ஒத்திவைத்தார். தன் ஃபோர்மன் பதவி என் பெண்சாதியால் தள்ளிப்போகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். ஞாயிறுதோறும் வீட்டுக்கார அம்மா விண்ணப்பதாரராக நடிப்பார், நான் அலுவலராக இருப்பேன். தன் தம்பியை நாட்டுக்குள் விடும்படி மேசையில் அடித்துக் கேட்பார். நான் விதியைச் சொல்லி மறுப்பேன். அவர் என் விதிகளையும், என் அரசாங்கத்தையும், என் மூக்கையும் வர்ணிப்பார். தொழிற்சாலைகளைப் பற்றிய முணுமுணுப்பும் கால்பந்தும் தவிர அந்த வட்டத்தில் வேறு ஞானம் கிடையாது. ஆனால் முணுமுணுப்புக்குத் தேவையான சொற்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. கவுன்டருக்கு வருகிறவர்களுக்கும் அவைதான் தேவை.

தேர்வுக் குழுவில் மூவர். இருவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதை மறைக்க அடிக்கடி தலையாட்டினார்கள். மூன்றாமவர் ஸ்பெயினில் பிறந்த கனவான், சொற்களை வெள்ளித் தட்டில் வைத்துப் பரிமாறுபவர். விண்ணப்பம் தாமதமானதால் ஆத்திரப்படும் ஒருவராக அவர் நடித்தார். பாவம், அவருக்கு ஆத்திரப்படத் தெரியவில்லை. மேசையில் அடிக்கக்கூட இல்லை. எந்த ஆவணம் குறைகிறது, எதை யாரிடம் கொண்டுபோக வேண்டும், எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று சொல்லி, அவரைக் கதிரையில் உட்காரவும் வைத்தேன். முடிவில் அவர் முகத்தைச் சுளித்தபடி, இந்தப் பேச்சை எங்கே கற்றீர் என்று கேட்டார். ஒரு வீட்டில் என்றேன். நல்ல வீடாக இருக்க முடியாது என்று ஆங்கிலத்தில் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் தேர்ச்சி என்று எழுதினார். உச்சரிப்பின் அழகுக்குப் புள்ளி உண்டு என்று சுற்றறிக்கையில் இல்லை.

நியமனக் கடிதத்தின் உறுதிப்படுத்திய பிரதியை மாமனாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நிரந்தரம் என்ற சொல்லுக்குக் கீழே நானே கோடு போட்டேன். அவர் பதில் எழுதினார். கவன்மென்ற் உத்தியோகம் என்பது சந்தோஷம். ஆனால் இந்த ஸ்பானிஷ்காரர் வருவது நின்றுபோனால் பென்சனுக்கு என்ன கதி, அதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி அனுப்பவும் என்றிருந்தது.

கேட்டு வாங்கும் வேலையை மனைவி எனக்கு வைக்கவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் தந்திக் கந்தோருக்குப் போய், விமானம் வரும் நாளை மட்டும் எனக்குத் தந்தியில் அறிவித்துவிட்டாள். பெட்டி கட்டிய பிறகுதான் அவருக்குச் சொன்னாளாம்.